கேட்டால்தான் நிற்கும் மேளம்

அக்கா யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் முகம் சிவப்பது, குரல் உயர்வது எல்லாம் நமக்குள்ள வியாதிகள். அவருக்கு அவை இல்லை. அவருக்கு அநியாயம் செய்தவர்கள், மனுசி மறந்துபோனாள் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்குவார்கள். தூங்கட்டும் என்று அவரும் விட்டுவிடுவார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பரிஸ் நகரத்து லா சப்பலில் தமிழ்க்கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு மரக்கறிக்கடைக்காரர், எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், அக்காவுக்கு ஒருநாள் அழுகல் தேங்காய் ஒன்றைத் தள்ளிவிட்டார். பாலித்தீவிலிருந்து நாட்டியம் ஆட வந்த பெண்ணுக்குத் தேங்காயைப் பற்றி என்ன தெரியப்போகிறது என்ற நினைப்பு. பாலியில் தென்னையைப் பார்க்காமல் ஒருவரும் நித்திரை விட்டு எழும்புவதில்லை என்பது பாவம் கடைக்காரருக்குத் தெரியாது. மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, "உடைச்ச தேங்காயைத் திருப்பி எடுக்கிறேல்லை, அக்கா" என்று சொல்லிச் சிரித்தார். கடையில் நின்ற நாங்களும் சிரித்தோம். அக்கா "ஓம், அண்ணை" என்றுவிட்டுப் போனார். அந்த இரண்டு சொல்லும் எங்களிடம் பொறுக்கியவை.

நான்கு மாதம் கழித்துக் கடைக்காரர் அதே வீதியில் இரண்டாவது கடை திறந்தார். மந்திரம் தெரிந்த ஒருவரைப் புறநகர்ப் பொபினியிலிருந்து கூட்டி வந்திருந்தார். சனம் நிறைய. வாசலில் தேங்காய் உடைக்கும் நேரம் பார்த்து இவர் ஒரு தட்டோடு வந்தார். வாழையிலையில் பின்னிய தட்டு, சுற்றிவரப் பூ, நடுவில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த தேங்காய். கடைக்காரருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. தான் வைத்திருந்ததை ஓரமாக வைத்துவிட்டு இதை எடுத்து வாசற்படியில் ஓங்கி உடைத்தார். மந்திரம் சொன்னவர் பாதியில் நிறுத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரரின் மனைவி அபசகுனம் என்று அங்கேயே அழத் தொடங்கிவிட்டார்.

"என்னக்கா இது?" என்று கடைக்காரர் கேட்டார்.

"உங்கடை கடையிலை நேற்று வாங்கினதுதான், அண்ணை" என்றார் இவர்.

முதல்நாள் அவர் அந்தக் கடையில் ஒவ்வொரு தேங்காயாகக் காதோடு வைத்துக் குலுக்கியதை நான் பார்த்திருந்தேன். நல்லதைத் தேடுகிறார் என்று நினைத்தேன்.

நாங்கள் பேசியது பிரெஞ்சில். அவருடையது நொண்டிப் பிரெஞ்சு, என்னுடையது அதைவிட மோசம். இடையிடையே அவர் பொறுக்கிய தமிழ். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். கடைத்திறப்பு முடிந்து வரும்போது, "அண்டைக்கே ரெண்டு ஏச்சு ஏசியிருக்கலாமே, அக்கா" என்றேன்.

"கோபத்தை வாயாலை விட்டால் கைக்கு ஒண்டும் மிஞ்சாது, தம்பி" என்றார்.

ரூ பிலிப்-து-ஜிரார் என்ற வீதியில் நாங்கள் ஏழு பேர் ஓர் அறையில் படுத்தோம். அவர் எங்களுக்கு மேல்தளத்தில் தனியாக இருந்தார். காலையில் கட்டடத்தின் வாசலில் சின்ன இலைத்தட்டில் ஒரு பூ, நாலு சோற்றுப் பருக்கை, ஒரு பிஸ்கட் வைத்து ஊதுபத்தி கொளுத்துவார். அது அவர்கள் ஊர் வழக்கம். கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட கொன்சியேர்ஜ் கிழவி அதைக் குப்பையோடு கூட்டி அள்ளினாள், கட்டடச் சொந்தக்காரனுக்கும் முறைப்பாடு எழுதினாள். இவர் படையலைத் தன் யன்னல் விளிம்புக்கு மாற்றினார், சோற்றையும் கொஞ்சம் கூட்டினார். அந்த யன்னலுக்கு நேர்கீழேதான் கிழவி வெள்ளைப் படுக்கைவிரிப்புகளைக் காயப்போடுவது. லா சப்பல் புறாக்களுக்கு விலாசம் சொல்லவா வேண்டும்? மூன்றாம் கிழமை கிழவி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். "சாமிக்கு வைக்கிறன், மதாம். புறா தின்னுறதுக்கு நான் என்ன செய்ய?" என்றார் இவர். அதற்குப் பிறகு படையல் திரும்பவும் வாசலுக்கு வந்தது. கிழவி அதைச் சுற்றிக் கூட்டினாள்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவன் நான். இனி வருவது சிரிக்கிற கதையில்லை.

எங்கள் வீதியின் வடக்கு முனையில் பழைய தொழிற்சாலை ஒன்றை மண்டபமாக்கி வைத்திருந்தார்கள். அதை நடத்தியவரை எல்லோரும் முசியே என்றே கூப்பிட்டோம். பாலிக்குப் போய் ஒரு வருடம் இருந்துவிட்டு, முழு கமலான் ஒன்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த மனிதன். கமலான் என்பது ஒரு வாத்தியமில்லை, ஒரு கூட்டம். சுத்தியலால் தட்டும் வெண்கலத் தகடுகள், வரிசையாகக் கவிழ்த்த கிண்ணங்கள், தொங்கவிட்ட பெரிய கோங், எல்லாவற்றையும் நடத்திச்செல்ல ஒரு மேளம். மேளம் நமது மிருதங்கத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் வாசிப்பார்கள். வாசித்தவர்கள் எல்லோரும் பிரெஞ்சுக்காரர், ஒரு பல்வைத்தியர், இரண்டு பள்ளிக்கூட ஆசிரியைகள், இப்படி. அவர்களுக்குப் பழக்குவதற்காக, பாலியிலிருந்து ஒரு குழுவோடு வந்த இவரை முசியே நிறுத்திவைத்திருந்தான். ஒவ்வொரு வருடமும் முசியே ஒரு கடிதம் கொடுத்தால்தான் இவருக்கு வதிவிடக் கார்ட் புதுப்பிப்பார்கள்.

கடிதம் இல்லாவிட்டால் ஊருக்குத்தான் போகவேண்டும். ஊரில் இவருடைய புருசன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு எதிர்வாசலிலேயே குடியிருந்தான். "அவன்ரை வாசலைத் தாண்டி நான் தண்ணிக்குப் போகமாட்டன். இஞ்சை குளிரிலை செத்தாலும் பரவாயில்லை" என்று ஒருமுறை சொன்னார்.

நான் அந்த மண்டபத்தில் துப்புரவு வேலை. ஒருநாள் கோங் அடிப்பவனுக்குக் காய்ச்சல் வர, முசியே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். எட்டு எண்ணி ஒரு அடி, பெரிய வித்தையில்லை. அதிலிருந்து கோங் என்னுடையதாயிற்று. ஏன் என்று பிறகுதான் விளங்கியது. வெள்ளைக்காரக் கூட்டத்துக்குள் ஒரு மண்ணிற முகம் முசியேக்குத் தேவைப்பட்டது. தலையில் ஒரு துணி கட்டி, காதில் ஒரு பூச் செருகி, நிகழ்ச்சித்தாளில் பாலிக்காரர் என்று போட்டு, எனக்கு ஒரு பெயரும் வைத்தான். யாழ்ப்பாணத்து அரியாலையில் பிறந்த எனக்கு! "சனத்துக்கு முன்னாலை வாயைத் திறக்காதே" என்று கட்டளை வேறு. நான் திறக்கவில்லை. அரியாலையில் என் மனைவியும் மூன்று வயது மகளும் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட எனக்கு முசியேயின் வேலைக் கடிதம் வேண்டும். அந்த மனிதனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, இனியும் மன்னிப்பதாக இல்லை.

ஒரு இளவேனிலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மத்தியான நிகழ்ச்சி என்று முடிவாயிற்று. ஒரே ஒரு தனி நடனம், அதை இவர் ஆடுவது என்று பேச்சு. இவர் ஐந்து வயதிலிருந்து ஆடிய நடனம். பொன்னிறத் துணி சுற்றி, முடியில் பூச்சூடி நின்ற இவரைப் படமெடுத்துப் போஸ்டர் அடித்து, மெத்ரோ வாசலெல்லாம் ஒட்டினார்கள். நான்தான் பசை வாளி தூக்கினேன். ஒட்டி முடித்த கிழமை, ஆடப்போவது தன் பெண்சாதி என்று முசியே அறிவித்தான். மதாம் ஆறு மாதமாக அவனிடம் படித்துக்கொண்டிருந்தாள். இவர் மேளம் வாசிக்கவேண்டுமாம்.

"போஸ்டரிலை என்ரை முகமல்லோ இருக்கு, முசியே?" என்று கேட்டார்.

"பூச்சுக்குள்ளே யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது? உனக்கும் நாற்பதாகிவிட்டது" என்றான் அவன். அதற்குள் தொலைபேசி அடித்தது. இவருடைய மேளம் தரையில் கிடந்தது. சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, சப்பாத்துக் காலோடு அதைத் தாண்டிக்கொண்டு போனான். வாத்தியத்தைத் தாண்டுவது அவர்கள் ஊரில் பெரிய குற்றம், தெரியாமல் தாண்டிய குழந்தையைக்கூடத் திரும்ப அழைத்துக் கும்பிடவைப்பார்கள். ஒரு வருடம் அங்கே இருந்தவனுக்கு அது தெரியும். இவர் அந்தச் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு மேளத்தை எடுத்து மடியில் வைத்து, "சரி, முசியே. நான் வாசிக்கிறன்" என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோசமாக இருந்தது.

இங்கே ஒரு விசயம் சொல்லவேண்டும். நமக்கெல்லாம் பாட்டுக்குத்தான் ஆட்டம். அவர்களுக்கு அப்படியில்லை. இசை சக்கரமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கே நிற்கவேண்டும், எப்போது முடிக்கவேண்டும் என்பதை ஆடுபவர்தான் கேட்பார். ஒரு கண்வெட்டு, சடாரென்று ஒரு பாதமாற்றம். மேளக்காரர் அதைப் பிடித்து ஒரு அடி அடித்தால் மொத்தக் கூட்டமும் நிற்கும். ஆடுபவர் கேட்காவிட்டால் மேளம் நிறுத்தாது. இவர் இதை முசியேயிடம் பலமுறை சொன்னார். முசியே கேட்கவில்லை. பன்னிரண்டாம் கோங்கில் நிற்பது, முப்பதாம் கோங்கில் முடிப்பது என்று எல்லாவற்றையும் தாளில் எழுதிவைத்திருந்தான். மதாம் எண்ணிப் பழகினாள். எந்த அசைவு என்ன கேட்கிறது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒத்திகையெல்லாம் இவர் தாளில் உள்ளபடியே ஒரு பிசகில்லாமல் வாசித்தார்.

முதல் ஞாயிறு காலை படியில் என்னைக் கண்டு, "தம்பி, இண்டைக்கு உன்ரை கை நோகும். தோளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு வா" என்றார். நான் பூசிக்கொண்டு போனேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மதாம் ஆடினாள். முழங்காலை மடித்து, இடுப்பை ஒடித்து, முழங்கையைத் தோளுக்கு உயர்த்திப் பிடித்தபடியே ஆடவேண்டும். பத்து நிமிடம் அப்படி நிற்பதே தண்டனை. பன்னிரண்டாம் கோங் வந்தது. மதாம் நின்றாள். மேளம் நிற்கவில்லை. திகைத்துப்போய் மறுபடி ஆடத் தொடங்கினாள். முப்பது வந்தது, முப்பத்தைந்து வந்தது. முன்வரிசைத் தகடுகளில் வாசித்த முசியே தலையைத் திருப்பி இவரைப் பார்த்தான். இவர் மதாமின் கண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார், மிகுந்த மரியாதையோடு, ஒரு நல்ல மேளக்காரர் பார்ப்பதுபோல. பல்வைத்தியரும் ஆசிரியைகளும் மேளம் போகிற பக்கம் போனார்கள், அப்படித்தான் இவர் பழக்கியிருந்தார். முசியே கடைசியில் என்னைப் பார்த்தான். நிறுத்து என்று கண்ணால் சொன்னான். எனக்கா விளங்காது? பாலிக்காரனுக்குப் பிரெஞ்சுக் கண் விளங்காதென்று முகத்தை வைத்துக்கொண்டு எட்டு எண்ணி ஓங்கி அடித்தேன். அறுபது அடி. அந்த அறுபதையும் நான் அனுபவித்து அடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மகிழ்ச்சியான மத்தியானம் அதற்கு முன்பு பரிசில் எனக்கு வாய்த்ததில்லை.

மதாமின் தொடை நடுங்கியது. பூச்சு கரைந்து கழுத்தில் ஓடியது. கடைசியில் கால் மடங்கி அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகுதான் இவர் முடிக்கும் அடியை அடித்தார்.

சபை எழுந்து நின்று கைதட்டியது! சாமி வந்துவிட்டது என்று நினைத்தார்கள். அழுதவர்களும் உண்டு. ஒரு பத்திரிகையில் பாதிப் பக்கம் புகழ்ந்து எழுதினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இவரிடம் வந்த முசியே, பத்திரிகையைப் பார்த்த பிறகு தேனாக இனித்தான். எல்லாம் தன் ஏற்பாடு என்று சொல்லித்திரிந்தான். அடுத்த ஞாயிறு அமைச்சிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார், மண்டபத்துக்கு உதவி கொடுப்பதா இல்லையா என்று அவர்தான் முடிவு செய்வார், போன கிழமை மாதிரியே வாசி என்றான்.

"அவ கேட்டமாதிரி வாசிக்கிறன், முசியே" என்றார் இவர்.

அந்தக் கிழமை முழுக்க முசியே மதாமுக்குச் சாமி வரப் பழக்கினான். கண்ணை உருட்டு, திடீரென்று உதறு, காலை மாற்றி மிதி. இவர் மூலையிலிருந்து பழம் உரித்துத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் ஞாயிறு வாசல்வரை சனம். பெரிய மனிதர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மதாம் வந்தாள். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. கண்ணை உருட்டிக் காலை மாற்றி மிதித்தாள். இவர் ஒரு அடி அடித்தார். எல்லோரும் நின்றார்கள். மீண்டும் தொடங்கியது. மதாம் உடம்பை உதறிக் கண்ணைப் பக்கவாட்டில் வெட்டினாள். அது முடிக்கச் சொல்லும் சாடை. இவர் முடிக்கும் அடியை அடித்தார். என் கை தானாகக் கோங்கில் விழுந்தது. அவ்வளவுதான். மதாம் இரண்டு கையையும் உயர்த்தியபடி வெறும் மௌனத்துக்குள் நின்றாள். இவர் மேளத்தை இறக்கிவைத்துவிட்டுச் சபையைக் கும்பிட்டார். யாரோ இருமினார்கள். பெரிய மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மறுநாள் முசியே கத்தினான். இவர் கைகட்டி நின்று சொன்னது இவ்வளவுதான். "போன கிழமை மதாம் கேக்கேல்லை, நான் நிறுத்தேல்லை. நேற்றுக் கேட்டவ, நிறுத்தினன். எங்கடை ஊரிலை ஆரையும் கேட்டுப்பாருங்கோ." அதில் ஒரு பிழையும் பிடிக்க முடியாது. முசியேக்கும் அது தெரியும்.

ஆகவே என்னைக் கூப்பிட்டான். மேசையில் இரண்டு தாள். ஒன்று நான் எட்டு மாதமாகக் கேட்ட வேலைக் கடிதம். மற்றது அவன் தட்டச்சு செய்த சாட்சி. வேண்டுமென்றே கெடுக்கப்போவதாக இவர் முதல் நாளே என்னிடம் சொன்னார் என்று அதில் இருந்தது. எண்ணெய் பூசச் சொன்ன கதையைப் பல்வைத்தியரிடம் நான்தான் வாய்கொழுத்துச் சொல்லியிருந்தேன். வாசித்துப் புரியவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். புரிந்தது. அந்தக் கிழமை வந்த கடிதத்தில், மகள் பங்கருக்குள் முகங்குப்புற விழுந்து வாய்க்குக் கீழே நாடி வெடித்துப்போனது என்று மனைவி எழுதியிருந்தாள். அதைப் படியில் அக்காவிடமும் சொல்லியிருந்தேன். நான் ஒப்பமிட்டேன்.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தச் சாட்சியைக் காட்டி. கார்ட் புதுப்பிக்கக் கடிதம் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து நான் காத்திருந்தேன். இவரை எனக்குத் தெரியும். தேங்காய்க்கு நான்கு மாதம் பொறுத்தவர். என்னை வெட்ட அவருக்குக் கத்தி தேட வேண்டிய அவசியமும் இல்லை. குடும்பத்தைக் கூப்பிட வீடு காட்டவேண்டும் என்பதற்காக, செவ்ரானில் ஒரு கூட்டாளியின் வீட்டை என் வீடு என்று பொபினி பிரெபெக்சர் என்ற அரச கந்தோரில் கொடுத்திருந்தேன். நான் ஆறு பேரோடு கீழ்த்தளத்தில் படுப்பது அவருக்குத் தெரியும், செவ்ரான் கதையும் தெரியும். ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், என் பைல் குப்பைக்குப் போகும். தபால்காரன் வந்தால் முதலாளாய் ஓடிப்போய்க் கடிதங்களைப் புரட்டினேன். படியில் அவரைச் சந்திக்காமல் இருக்க, அவர் இறங்கிப்போன சத்தம் கேட்ட பிறகே வெளியே போனேன்.

ஊருக்குப் போகிற நாளுக்கு முதல்நாள் அக்காவே எங்கள் கதவைத் தட்டினார். கையில் அவருடைய குளிர்க்கோட். கருநீலம், கம்பளி, உள்ளே பட்டுத்துணி வைத்துத் தைத்தது.

"உன்ரை மனுசிக்குச் சரியாயிருக்கும். அங்கை எனக்கென்னத்துக்கு இது?" என்றார்.

"அக்கா..." என்றேன்.

"பிள்ளையின்ரை நாடிக் காயம் மாறீட்டுதோ?"

"ஓம், அக்கா."

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவேயில்லை.

கதவைச் சாத்தியதும் கோட்டைச் சோதித்தேன். பைகளை வெளியே இழுத்துப் பார்த்தேன். மடிப்புகளை முகர்ந்தேன். ஏதோ இருக்கவேண்டும், அவர் சும்மா கொடுக்கிற ஆள் இல்லை. தாயத்தா, கடிதமா, ஊசியா? ஒன்றும் அகப்படவில்லை. சவர பிளேட்டை எடுத்து உள்ளே இருந்த பட்டுத்துணியைத் தோளிலிருந்து இடுப்புவரை கிழித்தேன். நல்ல கம்பளிதான் இருந்தது. பொபினிக்கும் ஒரு கடிதமும் போகவில்லை. அதிலிருந்து ஏழாம் மாதம் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள்.

விமான நிலையத்தில் கோட்டைப் போட்டுப்பார்த்த மனைவி உள்ளே கை விட்டு, "ஆர் இதை இப்பிடிக் கிழிச்சது?" என்று கேட்டாள். செவ்ரானுக்குப் போகும் ரயிலில் எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பமிட்டதையும் சொன்னேன். எங்களுக்காகத்தானே செய்தீர்கள் என்று அவள் சொல்லுவாள், பிறகு எனக்கு நித்திரை வரும் என்று நினைத்திருந்தேன்.

அவள் மகளின் நாடியில் இருந்த தழும்பைத் தடவினாள்.

"நீங்கள் கிழிச்சுப் பாப்பியள் எண்டு அந்த மனுசிக்குத் தெரியும்" என்றாள்.